பெயரோடு சொன்ன சாட்சி

வேதமாணிக்கம் தன் சொந்தச் சபையில் ஆராதனைக்கு உட்கார்ந்து வருடக்கணக்காகிவிட்டது. கல்லூரி முதல்வர் ஆன நாளிலிருந்து அவருடைய ஞாயிறுகள் மற்றவர்களின் சபைகளுக்குத்தான். ஒரு வாரம் கல்மண்டபம், மறு வாரம் தண்டையார்பேட்டை, அதற்கடுத்த வாரம் அத்திப்பட்டில் ஷீட் போட்ட ஒரு ஜெபவீடு. வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் வேதாகமமும் கல்லூரி நோட்டீஸ்களும். கூடவே நன்றாகப் பாடத் தெரிந்த ஒரு மாணவி. பிரசங்கத்துக்கு முன்னால் சபைப் போதகரான ஐயர் அவருக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்குவார். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கல்லூரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

திருவொற்றியூரில் கன்டெய்னர் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கல்லூரி. ஒரு மிஷன் ஆரம்பித்து, பிறகு மிஷனே மறந்துபோன கல்லூரி. மூன்று பாடப்பிரிவுகளில் ஒன்றை மூடியாகிவிட்டது. மற்ற இரண்டையும் எத்தனை நாளைக்கு இழுக்க முடியும் என்பது வேதமாணிக்கத்துக்கே தெரியாது. முதல்வர் பதவிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வதைவிட, மற்றவர்கள் நழுவிக்கொண்டார்கள் என்று சொல்வதே சரி. பொருளாதாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்த அவர் சரியென்று தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து ஞாயிறு சபைகள், வார நாட்களில் மாணவிகளின் வீடுகள். வராமல் நின்றுபோன பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நின்று, "அம்மா, பிள்ளைய அனுப்புங்கம்மா" என்று கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

அப்படிப் போன இடங்களில் எல்லாம் அவர் கேட்டது ஒரே காரணம்: ரோடு. எண்ணூர் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி மாறி வர வேண்டும். லாரி வரிசை நின்றால் நின்றதுதான். இருட்டினால் தாய்மார்களுக்கு வயிற்றில் நெருப்பு. ஒரு வேன் இருந்தால் பாதிப் பிள்ளைகளாவது நிற்காமல் வருவார்கள் என்று வேதமாணிக்கம் நம்பினார். வேனுக்காகத்தான் அந்த வருடம் முழுக்க சபை சபையாக அலைந்தார். ஜனங்கள் தலையை ஆட்டினார்கள், "ஜெபம் பண்ணிக்கிறோம் சார்" என்றார்கள். ஜெபம் மட்டும் பண்ணினார்கள்.

மகிழினி எண்ணூர்க் குப்பத்துப் பிள்ளை, பி.காம் கடைசி வருடம். அந்தக் குப்பத்திலிருந்து கடைசி வருடம் வரைக்கும் தாக்குப்பிடித்தது அவள் ஒருத்திதான். ஒருநாள் தாமதமாக வந்தவளை வேதமாணிக்கம் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார். முதலில் பஸ் என்றாள். பிறகு, எதிர்பாராத விதமாக, எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா அத்திப்பட்டில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஆற்றில் ஆலை எண்ணெய் கசிந்து வந்ததிலிருந்து இறாலும் இல்லை. அம்மா கரைக்குப் போய்ப் படகுக்காரர்களிடம் வாங்கி வருகிற மீனில்தான் வீடு ஓடுகிறது. சொல்லிவிட்டு, "பரவால்ல சார், எக்ஸாம் முடிஞ்சிட்டா நான் பாத்துப்பேன்" என்று சிரித்தாள். அவர் அவளுக்காக ஜெபம் பண்ணினார். அவள் இந்துப் பெண். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, கடைசியில் ஆமென் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரிய சபை. தெற்கத்திக் கடைக்காரர்கள் நிறைந்த சபை. ஜவுளி, பாத்திரம், மொத்த மளிகை. வேதமாணிக்கமும் சாத்தான்குளம் பக்கத்துக்காரர்தான், ஊர்ச் சபையை நடத்திய உபதேசியாரின் மகன். அந்த ஊர்ச் சபைகளில் சாட்சி சொல்வது என்பது சோறு தின்பது மாதிரி. எழுந்து நின்று, தன் வியாதியை, கடனை, குடியைப் பெயரோடும் ஊரோடும் சொல்வார்கள். பெயரில்லாத சாட்சியை யாரும் நம்ப மாட்டார்கள். "யாருக்கு? எந்த ஊர்ல?" என்று பின்பெஞ்சிலிருந்தே குரல் வரும். அதைக் கேட்டே வளர்ந்தவர் அவர். சொன்னவர்கள் பாரம் இறங்கினாற்போல உட்கார்ந்ததைத்தான் அவர் பார்த்திருந்தார். அவர்கள் எல்லாம் தங்கள் கதையைத்தான் சொன்னார்கள் என்பது அன்றைக்கு அவர் நினைவுக்கு வரவில்லை.

சபையின் மீடியா டீம் முந்தின நாளே ஒரு போட்டோ கேட்டிருந்தது. கல்லூரி நாள் விழாவில் மகிழினி பரிசு வாங்கிய போட்டோவை அனுப்பியிருந்தார். பிரசங்க மேடைக்குப் பின்னால் இருந்த திரையில் அவள் முகம் பெரிதாக வந்து நின்றது.

"இந்தப் பிள்ளையோட பேரு மகிழினி. எண்ணூர்க் குப்பம். தகப்பன் கைவிட்டுட்டுப் போயிட்டாரு. தாயார் தினமும் கடற்கரைக்குப் போயி, படகுக்காரங்க முன்னால கையேந்தி நின்னு, அவங்க போடுற மீன வச்சித்தான் இந்தப் பிள்ளைக்கு ஒரு வேளை சோறு போடுறாங்க..."

அவர் குரல் தழுதழுத்தது. பொய்யாக அல்ல. கீபோர்டு வாசிக்கிற பையன் தானாகவே மெல்ல ஒரு ராகத்தை எடுத்தான். பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. ஜெயசிங் அண்ணாச்சி, எம்.சி. ரோட்டில் மூன்று மாடி ஜவுளிக்கடைக்காரர், எழுந்து நின்று, "வேன் நான் தாரேன் சார்" என்றார். கைதட்டல்.

அன்று மெட்ரோவில் வீட்டுக்குத் திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தும் வேதமாணிக்கம் நின்றுகொண்டே வந்தார். மனைவி ரெஜினாவிடம் வாசலிலேயே விஷயத்தைச் சொன்னார். ஓய்வுபெற்ற நர்ஸ் அவள். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏங்க, பேரையுமா சொன்னீங்க?" என்றாள்.

"பேரு சொல்லாம எப்படி?"

"நாங்க ஆஸ்பத்திரில நோயாளி பேரை வெளிய சொன்னா சீட்டக் கிழிச்சிருவாங்க."

"அது ஆஸ்பத்திரி. இது சபை."

அவள் உள்ளே போய்த் தட்டு எடுத்து வைத்தாள். சோறு போட்டாள்.

அந்த வாரம் மகிழினி கல்லூரிக்கு வரவில்லை. செமஸ்டர் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசி செமஸ்டர். அதை எழுதிவிட்டால் அவளுக்குப் பட்டம். போன் போட்டால் எடுக்கவில்லை. அவளோடு படிக்கிற, ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு பாட வருகிற ஜெஸ்லினைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சார், நீங்க பாக்கலையா?" என்றாள் ஜெஸ்லின். போனை எடுத்து நீட்டினாள்.

சபை ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போவது அவருக்குத் தெரியும். அதிலிருந்து ஒரு துண்டை யாரோ வெட்டியிருந்தார்கள். மகிழினியின் முகம், பின்னால் அழுகிற இசை, கீழே பெரிய எழுத்தில்: "கையேந்தும் தாய், கண்ணீரில் மகள்." அது குப்பத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து திரும்பி ஜெஸ்லின் வரைக்கும் வந்திருந்தது. சபைச் செயலாளருக்கு போன் பண்ணினார். "எடுத்துடறோம் சார், ஆனா நல்லாப் போயிட்டிருக்கே?" என்றார் செயலாளர். எடுத்தார்கள். குப்பத்துப் போன்களிலிருந்து எடுக்க யாராலும் முடியவில்லை.

மறுநாள் ரயிலேறி எண்ணூர் போனார். நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு மணலில் நடை. குழாயடியில் நின்ற பெண்களிடம் மகிழினி வீடு எது என்று கேட்டார். ஒருத்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தேசம்மா வூடா? போன்ல வந்திச்சே, அந்த தேசம்மாவா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். "தோ, நீலக் கதவு. போ நைனா, எதுனா போட்டுட்டுப் போ."

மகிழினியின் அம்மா தேசம்மா வாசலில் உட்கார்ந்து மீன் இல்லாத அலுமினிய அன்னக்கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் யார் என்று சொன்னபோதும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நீங்கதானா சார் அது? உள்ள வாங்கோன்னு கூப்ட மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கோ."

"மகிழினியப் பாக்கணும்மா. பரீட்சை வருது."

"இருங்கோ. மொதல்ல எனுக்கு ஒண்ணு சொல்லுங்கோ. நான் கையேந்தினேன்னு எவன் சொன்னான் உங்களாண்ட?"

வேதமாணிக்கம் விழித்தார். "படகுக்காரங்ககிட்ட மீன் வாங்கிட்டு வர்றதா பிள்ள சொன்னா..."

"வாங்கிகினு வர்றேன். சும்மாவா குடுக்கறான்? விடியறதுக்குள்ள போயி வல ஒதறி, நண்டப் பிச்சி, மீன தரம் பிரிச்சிப் போடறேன். அதுக்குக் கொயம்பு மீனு. பொம்பளைக்குண்டான பங்கு சார் அது. ஆம்பள இல்லாத வூட்டுக்கு ஒரு கை சேத்துப் போடுவான். எங்க கரைல அது மொற. அத்தப் போயி பிச்சன்னுட்டீங்களே."

வேதமாணிக்கம் அன்னக்கூடையையே பார்த்தார். கடையில் பிறந்து வளர்ந்த ஜனம் அவருடையது. கூலி என்றால் எண்ணிக் கொடுப்பது, மற்றதெல்லாம் தர்மம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பங்கு இருக்க முடியும் என்று அவர் படித்ததும் இல்லை, நடத்தியதும் இல்லை.

"இப்ப போட்டுக்காரன் இன்னா சொல்றான் தெரிமா? 'உன்ன நாங்க பிச்சக்காரியா வெச்சிருந்த மாறி ஊரெல்லாம் பேஜாராக்கிட்ட. உனுக்கு மீனு குடுத்தாலும் தப்பு, குடுக்காட்டியும் தப்பு. வேற போட்டு பாத்துக்க'ன்ட்டான். வேற போட்டுக்காரன் அதுக்கு மேல. கிட்ட போனா போன தூக்கிக் காட்டி சிரிக்கிறான்." அவள் அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "நல்லாத் தேச்சி வெச்சிகினு கீறேன். போட எதுவும் இல்ல."

"மன்னிச்சிருங்கம்மா. சபையில சொல்லி நான்..."

"ஐயோ சாமி! திரும்பி அங்க போயி எங்களப் பத்தி ஒண்ணும் பேசாதீங்கோ. உங்க கால்ல வேணா வியறேன்."

மகிழினி எங்கே என்று கடைசியாகக் கேட்டார்.

"வேலைக்குப் போய்ட்டா. வண்ணாரப்பேட்டைல துணிக்கட. அங்கியே தங்கல். உங்க கோயில்காரரு ஒர்த்தரு கார்ல வந்தாரு. பாவம், நல்ல மன்சன்தான். சம்பளம் குடுக்கறேன், சோறு போடறேன்னாரு. நானு வோணாம்னேன். அதுதான் பொட்டிய எடுத்துகினு கிளம்பிடிச்சி."

வேதமாணிக்கம் கடைக்குள் நுழைந்ததும் ஜெயசிங் அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்தே வந்தார். "வாங்க சார், வாங்க! ஏய், சாருக்கு ஒரு காபி சொல்லு. நானே உங்களுக்கு போன் பண்ணணும்னு இருந்தேன். நம்ம மகிழினியப் பாத்தீங்களா? ரெண்டாவது மாடி. ரெண்டே நாள்ல வேலையப் பிடிச்சிட்டா, கெட்டிக்காரி."

"அண்ணாச்சி, அவளுக்குப் பரீட்சை இருக்கு."

"ரம்ஜானும் ஈஸ்டரும் ஒட்டி வருது சார் இந்த வருஷம். கடையில நிக்க எடம் இல்ல, நீங்களே பாக்கீங்கள்லா? பரீட்சை எங்க போயிரும்? அரியர் இல்லாத டிகிரி எங்கன இருக்கு?" சிரித்தார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. "நீங்கதான சார் சொன்னீங்க, ஒரு வேளச் சோத்துக்குக் கஷ்டம்னு? எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இப்ப மூணு வேளையும் சாப்பிடுதா."

வேதமாணிக்கத்துக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டால் வேன் போகும். வேன் போனால் மற்றப் பிள்ளைகள் போவார்கள். இதை நினைத்துக்கொண்டே, "பரீட்சை நாள் மட்டும் லீவு குடுங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினார்.

அண்ணாச்சி யோசித்தார். "சரி, நீங்க கேட்டு மாட்டேன்னு சொல்ல முடியுமா? விடுதேன். ஆனா ஒண்ணு. வேன் பிரதிஷ்டை அன்னைக்கு அவ மேடையில ஏறி ரெண்டு வார்த்தை சொல்லட்டும். எப்படி இருந்தேன், இப்ப எப்படி இருக்கேன். ஜனங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்லா? இன்னும் நாலு பேரு குடுப்பான். உங்க காலேஜுக்குத்தான சொல்லுதேன்."

உங்கள் கல்லூரிக்குத்தான். அதில் தப்பு கண்டுபிடிக்க வேதமாணிக்கத்தால் முடியவில்லை. படியேறினார்.

இரண்டாவது மாடியில் நைட்டிப் பிரிவு. மகிழினி கடைச் சீருடையில், கலைத்துப் போட்ட நைட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் "குட் ஆஃப்டர்நூன் சார்" என்றாள், வகுப்பில் எழுந்து நின்று சொல்வது போலவே. அவர் அண்ணாச்சி சொன்னதை அப்படியே சொன்னார். சொல்லச் சொல்ல அந்த வார்த்தைகள் நாறுவது அவருக்கே தெரிந்தது. ஆனாலும் முடித்தார். "ரெண்டு நிமிஷம்தாம்மா. அப்புறம் பரீட்சை எழுதிடலாம். டிகிரி உன் கையில."

"மேடையில நான் என்ன சார் சொல்லணும்?"

"உனக்குத் தோணுறத."

அவள் ஒரு நைட்டியை மடித்து முடித்தாள். "நீங்களே சொல்லிடுங்க சார். உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுது."

குரலில் குத்தல் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். இல்லை.

"அப்ப வேலைய விட்டுட்டு வந்துரும்மா. நான் பாத்துக்கிறேன். பரீட்சை வரைக்கும் எங்க வீட்டுல இரு. மேடம் இருக்காங்க."

"அப்புறம் அதையும் சொல்லுவாங்கல்ல சார்? பிரின்சிபல் வீட்டுல வச்சி சோறு போட்டாருன்னு." அவள் அவரைப் பார்க்காமல் அடுத்ததை எடுத்தாள். "அம்மாவுக்குக் கரைல பங்கு இல்ல இப்ப. மாசம் பொறந்தா பணம் இங்கிருந்துதான் போவணும். நீங்க போங்க சார், சூப்பர்வைசர் பாக்கறாரு."

அப்போது வாடிக்கையாக வருகிற அம்மா ஒருத்தி மகிழினியை உற்றுப் பார்த்தாள். "நீ அந்த வீடியோல வந்த பொண்ணுதான?"

"ஆமாக்கா" என்றாள் மகிழினி. "உங்களுக்கு எக்ஸ்எல்லா, டபுள் எக்ஸ்எல்லா?"

பெண் மேடை ஏற மாட்டாள் என்று கீழே போய்ச் சொன்னபோது அண்ணாச்சி வருத்தப்பட்டார். திட்டவில்லை. "கூச்ச சுபாவம். சரி விடுங்க. வேன் விஷயம் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிடலாம் சார், என்ன? சீசன் முடியட்டும்" என்றார். காபி வந்தது. வேதமாணிக்கம் அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தார். குடிக்காமல் எழுந்திருக்க அவருக்குத் தெரியவில்லை.

தேர்வு நாளன்று, வழக்கத்துக்கு மாறாக அவரே ஹாலுக்குப் போய் நின்றார். மகிழினியின் இருக்கை சன்னலோரம். கேள்வித்தாளை வைத்து, அதன்மேல் ஒரு பேனாவையும் வைத்துவிட்டுக் காத்திருந்தார். தாமதமாக வருபவர்களை அனுமதிக்கிற நேரமும் தாண்டியது. கண்காணிப்பாளர் வந்து, "சார், ஆப்சென்ட் போட்டுடலாமா?" என்று கேட்டார். மேலும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பிறகு அவரே தலையசைத்தார். அடுத்தடுத்த தேர்வுகளுக்கு அவர் ஹாலுக்குப் போகவில்லை.

ஞாயிறு வந்தது. ராயபுரத்தில் ஒரு சபையில் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். ஜெஸ்லின் ஒரு பாட்டுப் பாடி முடித்தாள். வேதமாணிக்கம் மேடையேறினார். கல்லூரி எங்கே இருக்கிறது, என்ன பாடங்கள், எந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று சொன்னார். வேன் தேவை என்றார். லாரிகளைப் பற்றிச் சொன்னார். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் கொட்டாவியைக் கையால் மறைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐயர் முன்னால் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "சார், ஒரு பிள்ளையோட சாட்சி ஏதாவது சொல்லுங்க. அப்பத்தான் ஜனங்களுக்கு மனசுல நிக்கும்."

மேடைக்கு எதிரே முக்காலியில் கேமரா. வேதமாணிக்கம் சபையைப் பார்த்தார். முன்வரிசையில் ஜெஸ்லின், பாட்டுத் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். "அவ்வளவுதான். எங்களுக்காக ஜெபியுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். தலைகள் ஆடின. யாரும் எழுந்திருக்கவில்லை.

ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். மதிய வெயில் தகரக் கூரையில் காய்ந்தது. ஜெஸ்லின் மடித்த பாட்டுத் தாளைப் பைக்குள் போட்டாள். பிறகு கேட்டாள்.

"சார், கோச்சுக்க மாட்டீங்களே? எங்க அம்மா விஷயம் உங்ககிட்ட ஒருநாள் சொன்னேன்ல. அதை எங்கயும் சொல்லிடாதீங்க சார்."

"சொல்ல மாட்டேன்மா."

"மகிழினிகிட்டயும் இப்படித்தான் சொன்னீங்களா சார்?"

அவள் குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். வேதமாணிக்கம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றார். "அவ கேக்கவே இல்ல."

ஜெஸ்லின் தலையசைத்தாள். அடுத்த வாரம் எந்தச் சபை என்று வழக்கமாகக் கேட்பாள். அன்று கேட்கவில்லை. ரயில் வந்ததும், "நான் லேடீஸ்ல ஏறிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு முன்னால் ஓடினாள்.